தெரியுமா? சேர்வராயன் மலையே ஒரு கிளிக்கர் கேம்!

கைபேசித் திரையில் ஒரு பிஸ்கட். விரலால் தட்டினால் கணக்கில் ஒன்று ஏறும். மறுபடி தட்டினால் இரண்டு. அவ்வளவுதான் ஆட்டம்! ‘குக்கீ கிளிக்கர்’ என்ற இந்த விளையாட்டை உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் வருடக்கணக்கில் ஆடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

15 பிஸ்கட் சேர்ந்ததும் உங்களுக்குப் பதிலாகத் தட்டுவதற்கு ஒரு விரலை விலைக்கு வாங்கலாம். 100 சேர்ந்தால் பிஸ்கட் சுட்டுத் தர ஒரு பாட்டி. 1,100 சேர்ந்தால் ஒரு பண்ணை. 12,000க்கு ஒரு சுரங்கம். 1,30,000க்கு ஒரு தொழிற்சாலை. 14 லட்சத்துக்கு ஒரு வங்கி. அதற்கும் மேலே, 2 கோடி பிஸ்கட் கொடுத்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? ஒரு கோயில்!

பண்ணை, சுரங்கம், தொழிற்சாலை, வங்கி, அதற்கு மேல் கோயில். இந்த வரிசையை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து இன்னும் மேலே, 5,300 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போய் நில்லுங்கள். சரிவெல்லாம் காப்பித் தோட்டம்: அதுதான் பண்ணை. கால் பதித்திருக்கும் மலையின் தலையில் பாக்சைட் தாது: அதுதான் சுரங்கம். தோட்டத்துக்குள்ளேயும் மலையடிவாரத்திலும் ஆலைகள். குகைக்குள் சாமி. பிரான்சில் ஒருவர் கணினிக்குள் கட்டிய ஏணியின் படிகள் பலவும் இந்த ஒரே மலையில் மண்ணும் மரமுமாக இருக்கின்றன. இதைவிட ஆச்சரியம் வேண்டுமா? வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது, படியுங்கள்!

ஒரே ராத்திரியில் பிறந்த ஆட்டம்

குக்கீ கிளிக்கரை எழுதியவர் ஜூலியன் தியென்னோ. பிரெஞ்சுக்காரர். 2013 ஆகஸ்டில், ஒரே இரவில் அதன் முதல் வடிவத்தை எழுதி வெளியிட்டார். ஒரே இரவு! அதற்கு அப்புறம் அதைத் திருத்தித் திருத்தி வளர்ப்பதே அவருடைய வேலையாகிவிட்டது. 2021ல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு அது வந்தபோது இசை அமைத்தவர் யார் தெரியுமா? ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் இசையால் உலகப் புகழ்பெற்ற சி418!

ஆனால் தொழிற்சாலையை நடத்தும் விளையாட்டு கணினியோடு பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1932லேயே, சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட் நகரில், மேரி பிர்ஷ்டைன் என்ற பெண்மணி ஒரு தட்டச்சு இயந்திர ஆலையின் நிர்வாகத்தை விளையாட்டாக வடிவமைத்தார். ஆலை மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதற்காக! இன்று வணிகக் கல்லூரிகளில் ஆடப்படும் மேலாண்மை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லப்படுவது அதுதான். முதல் மின்னணுக் கணினி வருவதற்கு முன்னால் ஆலை விளையாட்டு வந்துவிட்டது. ஒரு பெண் உருவாக்கியது. இந்த ஒன்றையாவது உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். 2010ல் இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஃபேஸ்புக் விளையாட்டுகளின் வெறுமையை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ‘கௌ கிளிக்கர்’ என்ற ஒன்றைச் செய்தார். திரையில் ஒரு மாடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதைத் தட்டலாம். வேறொன்றும் இல்லை. கண்டனமாகச் செய்ததை ஆயிரக்கணக்கானோர் விரும்பி ஆடத் தொடங்கிவிட்டார்கள்! 2011ல் எல்லா மாடுகளையும் திரையிலிருந்து நீக்கிவிட்டார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? மாடு நின்ற வெற்று இடத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்!

பாட்டியின் விலையும் அம்பலப்புழைப் பாயசமும்

குக்கீ கிளிக்கரின் உயிர்நாடி ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருளை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதன் அடுத்த விலை 15 சதவீதம் ஏறும். 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஐந்து முறை வாங்கினால் விலை இரட்டிப்பாகிவிடும்! முதல் பாட்டி 100 பிஸ்கட். 50 பாட்டிகளை வாங்கிய பிறகு அடுத்த பாட்டியின் விலை ஒரு லட்சத்து எட்டாயிரத்துச் சொச்சம். 100 பாட்டிகளை வாங்கிய பிறகு? சுமார் 11 கோடியே 74 லட்சம்!

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன? கேரளத்து அம்பலப்புழை கோயிலின் கதை நினைவிருக்கிறதா? சதுரங்கத்தில் அரசனை வென்ற கண்ணன், முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு நான்கு என்று 64 கட்டங்களுக்கும் கேட்டான். மொத்தம் எவ்வளவு தெரியுமா? 18,446,744,073,709,551,615 மணிகள்! அரசனால் கொடுக்க முடியவில்லை. அந்தக் கடனுக்குத்தான் இன்றும் அங்கே பால்பாயசம் என்பது கதை. அந்தச் சதுரங்கப் பலகையின் கடைசிக் கட்டத்தை எட்டுவதற்குக் குக்கீ கிளிக்கரில் சுமார் 280 பாட்டிகள் போதும்!

ஒரு கிலோ காப்பிக்கு 3,000 தட்டு

இனி மலைக்கு வருவோம். முதல் படி, பண்ணை.

சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலத்தின் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். 1820களில்! தமிழ்நாட்டில் ரயிலே ஓடாத காலம். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட்டின் பெயர் இன்றும் ஏற்காட்டில் வழங்குகிறது. இருநூறு ஆண்டுகளாக ஒரே மலையில் ஓடிக்கொண்டிருக்கும் பண்ணை எத்தனை இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஒரு கிலோ காப்பிக்கொட்டை வேண்டுமானால் எத்தனை பழம் பறிக்க வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய ஆறு கிலோ. எண்ணிக்கையில் சுமார் 3,000 பழங்கள்! ஒவ்வொன்றும் கையால் பறித்தது. எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. ஒரே கிளையில் பச்சைக்காயும் மஞ்சளும் கனியும் கலந்தே இருக்கும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு சுற்று போக வேண்டும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுத்ததை எடுப்பது, பிறகு பெரும்பறிப்பு, அதன் பின் செடியில் மிச்சமிருப்பதை உருவி எடுப்பது, கடைசியில் தரையில் விழுந்ததைப் பொறுக்குவது. பொறுக்காமல் விட்டால் அந்தப் பழத்துக்குள் காய்த்துளைப்பான் வண்டு குடியேறி அடுத்த பருவத்தையே கெடுத்துவிடும்!

பிரேசிலின் சமவெளித் தோட்டங்களில் இயந்திரம் செடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துக்கொண்டு போகும். இங்கே அது நடக்காது. செங்குத்துச் சரிவு, நிழலுக்கு சில்வர் ஓக் மரம், மரத்தில் மிளகுக்கொடி, நடுவில் காப்பிச்செடி. எந்த இயந்திரம் உள்ளே நுழையும்? குக்கீ கிளிக்கரில் நீங்கள் முதலில் வாங்கும் பொருளே உங்கள் விரலுக்கு ஓய்வு தரும் இன்னொரு விரல்தான். பத்து விநாடிக்கு ஒரு முறை அது தானாகத் தட்டும். சேர்வராயன் மலையில் அந்த முதல் பொருளை இன்றுவரை யாராலும் வாங்க முடியவில்லை!

தங்க பிஸ்கட் பார்த்திருக்கிறீர்களா?

விளையாட்டில் திடீரென்று திரையின் ஒரு மூலையில் தங்க நிற பிஸ்கட் ஒன்று தோன்றும். 13 விநாடிதான் இருக்கும். அதற்குள் தட்டிவிட்டால் அதிர்ஷ்டம். சில சமயம் 77 விநாடிகளுக்கு உங்கள் உற்பத்தி ஏழு மடங்காகும்! கண்ணை எடுத்தால் போச்சு.

காப்பிச்செடிக்கும் தங்க பிஸ்கட் உண்டு. அது மழை! பனிக்காலம் முடிந்து வறட்சியில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு நல்ல மழை, ஓர் அங்குலம் போதும், பெய்ய வேண்டும். தோட்டக்காரர்கள் அதை பிளாசம் ஷவர் என்பார்கள். பெய்த எட்டு, பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளைப் பூ! மல்லிகை போன்ற மணம்! இரண்டு மூன்று நாள்தான் அந்தக் கோலம். பூத்த நாளன்றே மறுபடி மழை கொட்டினால் மகரந்தம் வீணாகிப் பிஞ்சு குறையும். பெய்யாமலே போனாலும் ஆபத்து. ஒரு வருட வருமானம் அந்த ஓரிரு மழையில் தொங்குகிறது. நீர் வசதி உள்ளவர்கள் ஸ்பிரிங்க்ளர் வைத்து மழையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். பூத்ததிலிருந்து பழம் சிவக்க அரபிகாவுக்கு எட்டு ஒன்பது மாதம்.

மினி கேம் எங்கே இருக்கிறது?

குக்கீ கிளிக்கருக்குள் நான்கு மினி கேம்கள் ஒளிந்திருக்கின்றன. பண்ணைக்குள் ஒரு தோட்டம், வங்கிக்குள் பங்குச்சந்தை, கோயிலுக்குள் தெய்வங்களின் மண்டபம், மந்திரவாதியின் கோபுரத்துக்குள் மந்திரப் புத்தகம். ஆனால் தொழிற்சாலைக்கு? ஒன்றுமே கிடையாது! தொழிற்சாலையை வாங்கினால் அது பாட்டுக்கு ஓடும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஏனென்றால் உண்மையான ஆலையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி ஆட்டம். காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் பல்பிங் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள், புரியும்!

முதல் ஆட்டம், மிதப்பது எது, மூழ்குவது எது? பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் நல்ல பழம் அடியில் போகும். பூச்சி தின்றதும் உள்ளே காய்ந்ததும் மிதக்கும். மிதப்பதை வழித்துத் தனியே ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரத்தோடு போட்டி. பறித்த அன்றே பழத்தை பல்பரில் கொடுத்துத் தோலை நீக்கிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டையில் விட்டால் பழம் சூடேறிப் புளித்துக் கொட்டையின் மணம் கெடும். பல்பரின் இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் கொட்டை நசுங்கும். அகலமாக வைத்தால் பழம் தோலோடு தப்பிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தோல் போன கொட்டையைச் சுற்றி ஒரு வழவழப்பான பசை இருக்கும். தொட்டியில் போட்டு விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்க அதைத் தின்று தீர்க்கும்! நீங்கள் தூங்குகிறீர்கள், வேலை நடக்கிறது! கைபேசியை மூடிவைத்த பிறகும் காசு சேரும் ஐடில் கேம்களை ஆடியிருப்பீர்கள். எலுமிச்சைச் சாற்றுக் கடையில் தொடங்கும் ‘அட்வெஞ்சர் கேபிடலிஸ்ட்’ அப்படிப்பட்டதுதான். காப்பித் தொட்டி அதற்கெல்லாம் மூத்தது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாளோ ஒன்றரை நாளோ, குளிர் கூடினால் இன்னும் கொஞ்சமோ ஆகும். முன்கூட்டி எடுத்தால் பசை போகாது. தாமதித்தால் நாற்றம் ஏறிவிடும். தொட்டி மொத்தமும் நாசம்! சரியான நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? கையில் அள்ளிப் பிசைந்து பார்ப்பார்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் மாதிரி கரகரவென்று உரசினால், உடனே கழுவு!

நான்காவது, களம். வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள். சாயங்காலம் குவித்து மூட வேண்டும், பனி படக்கூடாது. பாதிக்கு மேல் ஈரமாக வந்த கொட்டை பத்து சதவீத ஈரத்துக்கு இறங்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதற்கும் ஒரு சோதனை: 40 லிட்டர் பிடிக்கும் அளவுப் பாத்திரத்தில் நிரப்பி எடை பார்ப்பது. அடுத்தடுத்த நாள்களில் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது!

அப்புறம் மேல்தோல் நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, கெட்டதைக் கையால் பொறுக்குவது. பழத்துக்குள் இரண்டு கொட்டை இருப்பதுதான் வழக்கம். சிலவற்றில் ஒன்று மட்டும் உருண்டையாக வளர்ந்திருக்கும். காப்பிப்பொடிக் கடையில் ‘பீபெரி’ என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதுதான் இது! ‘பிளாண்டேஷன் ஏ’ என்பது இரட்டைக் கொட்டையில் பெரியது.

இத்தனை கட்டங்களில் எது மொத்த ஆலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பல்பரா? இல்லவே இல்லை, களம்தான்! டிசம்பரில் மேகம் சூழ்ந்துவிட்டால் களம் காலியாகாது. களம் காலியாகாவிட்டால் தொட்டி காலியாகாது. தொட்டி நிரம்பியிருந்தால் பல்பரை ஓட்டிப் பயனில்லை. பல்பர் நின்றால் பறித்த பழம் மூட்டையில் புளிக்கும். இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984ல் ‘தி கோல்’ என்று ஒரு நாவலே எழுதினார். ஒரு தொழிற்சாலையில் மிக மெதுவான கட்டம் எதுவோ அதுதான் முழு ஆலையின் வேகம், மற்றதை எவ்வளவு வேகப்படுத்தினாலும் பொருள் தேங்குமே தவிர உற்பத்தி கூடாது என்பது அதன் சாரம். உலகெங்கும் மேலாளர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஏற்காட்டில் களத்தைக் கூட்டும் அம்மாவுக்கு அது வானத்தைப் பார்த்தாலே தெரியும்!

செடிகளைக் கலந்தால் புதுச்செடி

குக்கீ கிளிக்கர் பண்ணைக்குள் இருக்கும் தோட்டம் ஓர் அற்புதம். ஒரே ஒரு கோதுமை விதையில் தொடங்குவீர்கள். அடுத்தடுத்து நட்டுவைத்தால், நடுவில் காலியாக இருக்கும் கட்டத்தில் தானாகப் புதுவகை முளைக்கும். இப்படிக் கலந்து கலந்து 34 வகைகளைச் சேர்க்கலாம்!

இதை நிஜத்தில் செய்தவர்கள் கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் இருந்தார்கள். 1869ல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் தோன்றி, சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களையே துடைத்தெடுத்தது. அங்கே உழைத்துக்கொண்டிருந்த நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் வாழ்வும் அதோடு ஆட்டம் கண்டது. இந்தியாவிலும் துரு பரவியது. நோயைத் தாங்கும் செடி வேண்டும். அரபிகாவும் லைபீரிகாவும் இயற்கையாகக் கலந்து பிறந்த ஒரு செடியின் வழித்தோன்றலை, கென்ட் என்ற அரபிகா வகையோடு கலந்தார்கள். 1940களில் வெளிவந்த அந்த வகையின் பெயர் எஸ்.795. எண்பது ஆண்டு ஆகியும் இந்தியாவில் பரவலாக வளரும் அரபிகா வகைகளில் அது ஒன்று! விளையாட்டில் சில மணி நேரத்தில் முளைக்கும் புதுவகை, நிஜத்தில் ஆராய்ச்சியாளர்களின் பல பத்தாண்டு உழைப்பு.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது ஒன்று இருக்கிறதே, கிளிக்கர் ஆட்டக்காரர்கள் அறிவார்கள். கோடிக்கணக்கில் சேர்த்ததை ஒரே பொத்தானில் துறந்தால், அடுத்த சுற்றில் வேகம் கூடும். காப்பிச்செடிக்கும் இது உண்டு! கிழடு தட்டிக் காய்ப்பு குறைந்த செடியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வெட்டிவிடுவார்கள். கடும் கவாத்து. பார்க்கவே மனசு பதறும். இரண்டு மூன்று வருடம் வருமானம் இல்லை. அப்புறம் அதே வேரிலிருந்து இளமையான செடி!

மலைத் தலையில் அலுமினியம்

அடுத்த படி, சுரங்கம். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு ஏன் சமதளமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? மிகப் பழைய ஒரு நிலப்பரப்பின் மிச்சம் அது. பல லட்சம் ஆண்டுகளாக மழை பெய்து பெய்து, பாறையிலிருந்த மணற்சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாமல் நின்றது அலுமினியச் சத்து. அதுதான் பாக்சைட்! மழையே நடத்திய ஆலை அது.

இங்கேயும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போனது. 1960ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, 1965 முதல் அங்கே அலுமினியம் எடுத்தது. இன்று அங்கே அலுமினியம் உருக்குவது நின்றுவிட்டது. மேட்டூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மின்சாரம்! ஒரு டன் அலுமினியத்துக்கு 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நான்கு டன் பாக்சைட் இரண்டு டன் அலுமினாவாகி, அதுவும் ஒரு டன் அலுமினியமாகச் சுருங்கும்.

அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதை ஏறக்குறைய 960 டிகிரியிலேயே, கிரையோலைட் என்ற உப்பின் குழம்பில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் வழியை 1886ல் இருவர் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் எரூ. ஒருவரையொருவர் அறியாமல்! இருவரும் பிறந்தது 1863ல். இருவரும் இறந்தது 1914ல்! அதற்கு முன்பு அலுமினியம் எவ்வளவு அரியது தெரியுமா? 1884ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சிக்கு அணிமுடியாக வைத்தது ஒரு சிறு அலுமினியத் துண்டைத்தான்.

அடிவாரத்து வெள்ளை முத்து

மலையிலிருந்து இறங்கினால் மூன்றாவது படி, தொழிற்சாலை. பாயசத்தில் கண்ணாடி மணிகளாக மிதக்கும் ஜவ்வரிசி எந்த மரத்தில் காய்க்கிறது? எந்த மரத்திலும் இல்லை! தென்கிழக்கு ஆசியாவில் சேகோ பனையின் தண்டிலிருந்து எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர் மலாயாவிலிருந்து வந்த கப்பல்களை நிறுத்தியது. அப்போதுதான் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். போர்ப் பஞ்சத்தில் பிறந்த தொழில்!

கிழங்கைக் கழுவு, தோல் சீவு, அரை, பாலை வடிகட்டு, தொட்டியில் தெளியவிடு, படிந்த மாவை எடு, குலுக்கிக் குலுக்கி மணியாக உருட்டு, சலி, வறு, காயவை. எத்தனை மினி கேம்! ஆலைக்காரர்கள் சேர்ந்து 1981ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இன்றும் ஜவ்வரிசியை ஏலம் விடுகிறது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? விளையாட்டில் ஒவ்வொரு படியிலும் எண் பெருகும். கோடி, கோடி கோடி என்று ஓடும். ஃபிராங்க் லான்ட்ஸ் 2017ல் வெளியிட்ட ‘யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்’ விளையாட்டில் பேரண்டம் முழுவதுமே காகிதக் கவ்விகளாக மாறித்தான் ஆட்டம் முடியும்! மலையில் நேர்மாறு. ஆறு கிலோ பழம் ஒரு கிலோ கொட்டையாகும். வறுத்தால் அதிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். நான்கைந்து கிலோ கிழங்கு ஒரு கிலோ ஜவ்வரிசியாகும். நிஜ ஆலையில் ஒவ்வொரு படியிலும் எண் குறைகிறது. குறைந்து குறைந்துதான் விலை ஏறுகிறது.

வங்கியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. ஏற்காட்டு அரபிகாவின் விலையை எங்கே பார்க்கிறார்கள் தெரியுமா? நியூயார்க்கில்! அங்கே ஓர் ஒப்பந்தம் என்பது 37,500 பவுண்டு காப்பி, அதாவது 17 டன். 1975ல் பிரேசிலில் ஓர் உறைபனி விழுந்தது; உலகக் காப்பி விலை எகிறியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி வரலாற்று உச்சம் தொட்டது. வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் காப்பிச்செடியைப் பார்த்ததே கிடையாது!

உச்சிப் படி

குக்கீ கிளிக்கரின் கோயிலுக்குள் மூன்று பீடங்கள் இருக்கும். 11 தெய்வங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து அமர்த்த வேண்டும். அடிக்கடி மாற்றினால் மாற்றும் வாய்ப்பு தீர்ந்துபோகும், காத்திருக்க வேண்டும்.

சேர்வராயன் கோயிலில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. தாழ்ந்த, இருண்ட குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவில் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராக மேடேறி வருகிறார்கள். தாய்மொழி தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமையும் ராகியும் விளைவித்தவர்கள், காப்பித் தோட்டம் வந்த பிறகு அதிலும் உழைக்கிறார்கள். நீங்கள் காலையில் குடித்த டம்ளர் காப்பிக்குள் இருக்கும் தட்டுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் இந்த மலைமக்களின் விரல்களும் இருக்கலாம்.

விளையாட்டின் முதல் படியும் கோயில் படியும் இந்த ஒரு மலையில் இப்படித்தான் சேர்கின்றன. விளையாட்டில் விரலை மறந்தால்தான் கோயிலை எட்ட முடியும். சேர்வராயன் மலையில் கோயிலை நோக்கி ஏறி வருபவையே அந்த விரல்கள்தான்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏற்காட்டுக்குக் கோடை விழாவின்போது மட்டும் போகாதீர்கள். டிசம்பரிலோ ஜனவரியிலோ போங்கள். பழம் சிவந்திருக்கும், பல்பர் ஓடும், களத்தில் காப்பி காயும். தோட்டங்கள் தனியாருடையவை, முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஒரு பழத்தை அவர்கள் கையாலேயே பறித்துப் பிதுக்கிப் பார்க்கட்டும். அடுத்த முறை காப்பித்தூள் வாங்கும்போது, அது எந்த மலையின் காப்பி என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சேர்வராயன் மலை என்றால் கால் கிலோ கூடுதலாகவே வாங்குங்கள்!